பட்டினி போட்ட தைலக் கன்றுகள்

குழந்தைசாமியின் மனைவி ரெபேக்கா மரக்கன்றுகளைப் பட்டினி போட்டு வளர்ப்பவள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அவனுக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. யார் சோர்ந்து கிடந்தாலும் குளுக்கோஸ் ஏற்றிப் பழகிய கை.

ஹெப்பாளில் ஒரு நாற்றுப் பண்ணையில் அவளுக்கு வேலை. உறைபனி விழும் மலைத் தோட்டங்களில் நடுவதற்குக் குளிர் தாங்கும் தைல மரக் கன்று வேண்டும். பனியில் கருகாமல் நின்ற மரங்களை மலையெல்லாம் அலைந்து தேடி, விதை எடுத்து வந்து, ஒரு மரத்துக்கு ஒரு வரிசை என்று முளைக்க வைத்திருந்தாள். பண்ணையில் தெளிப்பான் எல்லாவற்றையும் நனைத்துவிடும் என்று ட்ரேக்களை வீட்டு மொட்டை மாடியில், டிசம்பர் குளிரில் வைத்தாள். தண்ணீரைக் குறைத்தாள், உரத்தை நிறுத்தினாள். அப்படி இறுகிய கன்றுதான் பனியில் பிழைக்குமாம். இலைகள் சிவந்தபோது அவளுக்கு அத்தனை சந்தோஷம். அவனுக்கோ காய்ச்சல் வார்டு மாதிரி இருந்தது.

அடுத்து பண்ணையின் குளிரறையில் உறையவைத்துப் பார்க்கும் சோதனையில் எல்லாம் கருகினால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவதாக மேலாளர் நரசிம்மமூர்த்தி சொல்லியிருந்தார். வருஷக்கணக்கான உழைப்பு அது.

சோதனைக்கு முன்னால் அவள் வேலையாக இரண்டு வாரம் ஊட்டிக்குப் போக வேண்டியிருந்தது. வாடினால் மட்டும் ஒரு வாய் தண்ணீர் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள். இந்த மகராசன் ஒரு வாயோடு நிறுத்துவானா? காலையும் மாலையும் தண்ணீர், போதாததற்கு யூரியா வேறு. அவள் திரும்பியபோது கன்றுகள் கொழுகொழுவென்று பச்சையாக நின்றன. குழந்தைசாமி பக்கத்தில் பெருமையாக நின்றான்.

ரெபேக்கா ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாவமா இருந்துச்சு ரெபேக்கா."

"கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

அவள் கத்தித் தீர்த்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சோதனையைத் தள்ளிப்போட வழியில்லை. மறுநாள் இருவருமாக ட்ரேக்களை ஆட்டோவில் ஏற்றிப் பண்ணைக்குக் கொண்டுபோனார்கள்.

"என்னம்மா, இவ்ளோ பச்சையா இருக்கு?" என்றார் நரசிம்மமூர்த்தி.

"தண்ணியும் உரமும் அதிகமா விட்டுட்டோம் சார். மறைக்க ஒண்ணும் இல்ல. இப்படியே வெச்சுப் பார்ப்போம்."

விட்டுட்டோம் என்றாள். விட்டுட்டார் என்று சொல்லவில்லை. இப்படி ஒருத்தி கிடைக்க என்ன புண்ணியம் செய்தோம் என்று குழந்தைசாமிக்குத் தோன்றியது.

குளிரறையில் வெப்பநிலையை மெல்ல மெல்ல உறைநிலைக்குக் கீழே இறக்கி, மறுபடி மெல்ல ஏற்றினார்கள். அடி பட்டது வெளியே தெரிய இரண்டு நாள் பிடிக்கும் என்றாள். அந்த இரண்டு நாளும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பண்ணைக்குப் போனபோது கன்றுகள் வெந்த கீரையாகத் துவண்டு கிடந்தன. ஒரே ஒரு வரிசை மட்டும் நுனி கூடக் கருகாமல் நிமிர்ந்து நின்றது. எல்லாம் ஒரே மரத்துப் பிள்ளைகள். ரெபேக்கா தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் ஊட்டினதாலதானே மத்ததெல்லாம் செத்துச்சு?" என்றான் அவன்.

"ஆமா." அவள் பொய்யாகத் தேற்றவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வரிசையைக் காட்டினாள். "பட்டினி போட்டிருந்தா எல்லாமே தாங்கியிருக்கும். எது பொறப்புலயே கெட்டின்னு எனக்குத் தெரிஞ்சே இருக்காது. இது நீங்க ஊட்டியும் சாகல."