துரையிடம் பேசிய இங்கிலீசு

பிள்ளை பிறந்துவிட்டது, நாகலெட்சுமிக்கு இரத்தம்தான் நிற்கவில்லை. பிரசவம் பார்த்த மீனம்மா சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் லயத்து வாசலுக்கு வந்தாள்.

"டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. இங்க வச்சிருந்தா தாங்க மாட்டா."

ஐம்பத்திரண்டாம் வருஷத்து ஆடி மழை. தோட்டத்தில் வண்டி என்று இருந்தது ஒரேயொரு லொறிதான். அதற்கு வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு வேண்டும்.

"கிளாக்கரையாவக் கூட்டிக்கிட்டுப் போங்க மச்சான். அவரு பேசுவாரு" என்றான் நாகலெட்சுமியின் தம்பி மூக்கன்.

"ஏன், நான் பேசுற இங்கிலீசு பத்தாதா?" என்று சொல்லிக்கொண்டே அவள் புருஷன் ஆண்டியப்பன் மழையில் இறங்கி ஓடினான்.

பங்களாவில் மேசைக்குப் பரிமாறுகிறவன் அவன். துரைமார் சாப்பிடும்போது காதில் விழுந்த சொற்களைப் பொறுக்கிச் சேர்த்த இங்கிலீசு அவனுடையது. லயத்தில் அவனுக்கிருந்த மரியாதை அதனால் வந்தது. நாகலெட்சுமியைக் கட்டிக்கொடுத்ததே அதற்காகத்தான். துரைசானி மேகத்தைப் பார்த்து 'ஹோப்' என்று ஏதோ சொல்வாள். சற்றைக்கெல்லாம் மழை வரும். ஒன்று நடக்கும்போல் இருந்தால் 'ஹோப்' என்று சொல்ல வேண்டும் என்று அவனாகவே தீர்மானித்திருந்தான்.

பங்களா விறாந்தையில் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டியப்பன் படியில் நின்று, ஈரம் சொட்டச் சொட்ட, வழியெல்லாம் கோத்து வைத்திருந்ததைச் சொன்னான்.

"சேர், ஐ ஹோப் மை வைஃப் டை."

வெடித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறியது. உள்ளேயிருந்த துரைசானியைக் கூப்பிட்டார்கள்.

"இன்னொருக்கா சொல்லு" என்றார் துரை, தோட்டத்துத் தமிழில்.

காதில் விழவில்லையாக்கும் என்று நினைத்து ஆண்டியப்பன் உரக்கச் சொன்னான். அவளும் சிரித்தாள். மறுபடி சொல்லச் சொன்னபோது தமிழ்தான் வந்தது.

"ரெத்தம் ஓடுதுங்க தொரைகளே. லொறியக் குடுங்க."

"குடுக்கறேன். மொதல்ல கிளாஸ் எல்லாம் ரொப்பு."

ரொப்பினான். அவசரத்தில் சிந்தியதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது.

லொறி கொட்டகலைக் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் நாகலெட்சுமி மூக்கனின் மடியிலேயே அடங்கிப்போனாள்.

மறுநாள் தேயிலை மலைக்குக் கீழே குழி வெட்டினார்கள். மூக்கன் இடுப்பளவு பள்ளத்தில் நின்று மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தான். துக்கத்துக்கு வந்திருந்த கிளாக்கர் கணேசமூர்த்தியை ஆண்டியப்பன் ஓரமாக நெருங்கி, தான் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினான்.

"அதுக்கு ஏங்கய்யா சிரிச்சாங்க?"

கிளாக்கரின் வாயோரமும் ஒருதரம் துடித்தது. குரலைத் தாழ்த்த அவருக்குத் தோன்றவில்லை.

"பயமா இருக்குன்னா 'அஃப்ரெய்ட்'னு சொல்லணும்பா. 'ஹோப்'னா ஆசை. 'என் பொஞ்சாதி செத்துப் போகணும்னு ஆசப்படுறேன்'னுல்ல சொல்லியிருக்க?"

குழிக்குள் மம்பட்டிச் சத்தம் நின்றது.

மூக்கன் மேலே ஏறி வந்தான். ஆண்டியப்பனின் முகத்தைப் பார்க்காமல் மம்பட்டியை அவன் காலடியில் போட்டான்.

"மிச்சத்த நீயே வெட்டு."

யாரும் தடுக்கவில்லை. ஆண்டியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். அடியில் மழைத்தண்ணீர் கணுக்கால்வரை ஊறியிருந்தது. அவன் வெட்ட வெட்ட, வெட்டின இடத்தைத் தண்ணீர் வந்து மூடிக்கொண்டேயிருந்தது.