மருந்தடித்த கீரை

பிரவீனா கிள்ளக் கிள்ள ஒவ்வொரு தண்டும் டக்கென்று ஒடிந்தது. கடையில் வாங்கும் அரைக்கீரை இப்படி ஒடியாது, துவண்டு வளையும். மறுபடி துளிர்க்க வேண்டுமே என்று அடியில் நாலு விரல் விட்டே கிள்ளினாள்.

துடியலூரில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே, ஒரு கட்டில் போடுமளவு மண் இருந்தது. முதல் தடவை தூவிய விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போனது. அடுத்த தடவை ஒரே மழையில் எல்லாம் சாக்கடைக்குப் போய்விட்டது. இது மூன்றாவது.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க."

கணவன் மோகன்குமார் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். "பரவால்லயே புள்ள, கீரையாட்டவே இருக்குது."

"மத்தியானம் கீரைக் கடைசல் செய்யறேன். அப்பறம் பேசுங்க."

அவன் குளிக்கப் போனதும் முன்வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா ராசாத்தாள் வந்தார். கூடையைப் பார்த்தார்.

"ஏனம்மணி, கீரை தளதளன்னு இருக்குதே!"

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சிக்கல். இந்தப் பக்கத்தில் யாரும் வாய் திறந்து கொடு என்று கேட்பதில்லை. நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு நிற்பார்கள். நிற்கிறவரைச் சும்மா அனுப்ப பிரவீனாவுக்கு வராது.

"எடுத்துக்குங்க அத்தை."

"அய்யோ, வேண்டாங்கண்ணு" என்றபடியே ராசாத்தாள் முந்தானையை விரித்தார். பாதிக் கூடை அதில் போனது.

அவர் போன கையோடு பக்கத்து வீட்டு தாஜுன்னிசா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "அக்கா, எங்க ஊட்ல இன்னிக்கு என்ன செய்யறதுன்னே தெரியல."

அவளுக்கும் இரண்டு கை நிறையப் போனது. கூடையில் மிஞ்சியது ஒரு சின்னச் சட்டிக்குத்தான் காணும். அந்த நேரம் பார்த்து மாடி வீட்டுப் பங்காரம்மா படியிறங்கி வந்தார்.

"என்ன பிரவீனா, கீரையா? பச்சைப் பசேல்னு இருக்குது!"

நின்றார். பிரவீனா கூடையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஆமாங்கக்கா. ஆனா நேத்துத்தான் மருந்தடிச்சமுங்க. புழு ஜாஸ்தி."

சொல்லிவிட்டுக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பங்காரம்மா "அடடா" என்றுவிட்டுத் தெருப்பக்கம் போனார்.

பிரவீனா கீரையை அலசி முடிப்பதற்குள் ராசாத்தாள் திரும்பி வந்தார். கீரையைக் கட்டாகக் கட்டி, செத்த எலியைப் பிடிப்பதுபோல் தூக்கிப் பிடித்திருந்தார். பின்னாலேயே தாஜுன்னிசா, அவளுக்குப் பின்னால் பங்காரம்மா.

"ஏனம்மணி, மருந்தடிச்சதையா எங்களுக்குக் குடுத்துப்போட்ட?"

"நான் அடுப்புலயே வெச்சுட்டேன்க்கா! பங்காரம்மாக்கா வந்து சொல்லலைன்னா புள்ளைங்களுக்கு ஊட்டியிருப்பேன்" என்றாள் தாஜுன்னிசா.

சத்தம் கேட்டு மோகன்குமார் ஈரத் தலையோடு ஓடி வந்தான். "மருந்தா? ஒவ்வொரு புழுவா விரல்ல பொறுக்கிப் போட்டவ இவ. எங்க ஊட்ல மருந்தே கெடையாதுங்க."

எல்லாரும் பிரவீனாவைப் பார்த்தார்கள். அவள் கூடையிலிருந்து ஒரு பச்சைத் தண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"பொய் சொல்லிப்போட்டேங்க. மூணாவது வாட்டி போட்டு இப்பத்தான் வந்துச்சு. ஒரு கடைசலாச்சும் நாங்க திங்கோணும்னு இருந்துச்சுங்க."

ராசாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன கண்ணு?" கீரைக் கட்டைப் பிரித்துப் பாதியை அவள் கூடையில் போட்டார். தாஜுன்னிசா, "நான் போயி அடுப்பைப் பத்த வெக்கறேன்" என்று ஓடினாள்.

பங்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அவங்களுக்கெல்லாம் கீரை, எனக்கு மட்டும் மருந்தா?" என்றுவிட்டு விறுவிறுவென்று படியேறினார்.

பிரவீனா சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு போட்டுக் கீரையை வேகவைத்து மண்சட்டியில் மத்தால் கடைந்தாள். மோகன்குமார் தட்டோடு வந்து உட்கார்ந்தான். அவள் அவனுக்கும் போடவில்லை, தானும் ருசி பார்க்கவில்லை. கிண்ணத்தில் சுடுசோறு வைத்துக் கடைசலை ஊற்றிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

பங்காரம்மா கதவைத் திறந்தார். கிண்ணத்தை வாங்கவில்லை.

"நீ சாப்ட்டியா?"

"இன்னும் இல்லீங்கக்கா."

"அப்ப மொதல்ல நீ சாப்பிடு. மருந்து இருக்குதான்னு பாக்கோணுமில்ல?"

பிரவீனா அங்கேயே நின்று ஒரு வாய் பிசைந்து போட்டுக்கொண்டாள். நாக்கில் வைத்ததும் கரைந்தது. உப்பு ஒரு கல் குறைச்சல். மற்றபடி, இவ்வளவு நாள் சாப்பிட்ட கீரையெல்லாம் என்ன கீரை என்று இருந்தது.

"உசுரோடதான் இருக்கற" என்று பங்காரம்மா கையை நீட்டினார். முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

"இருங்கக்கா, இன்னும் சரியாத் தெரியல" என்று பிரவீனா இன்னொரு வாய் எடுத்துக்கொண்டாள்.