டெஸ் போட்ட கோடு

பேராசிரியர் டெஸ்மண்ட் ஹாலரன் மேடை ஏறினால் முதல் வேலையாக அரங்கத்தின் விளக்குகளைக் குறைக்கச் சொல்வார். அப்போதுதான் திரையில் அவருடைய இரண்டு வளைகோடுகளும் பளிச்சென்று தெரியும். தோல் புற்றுநோய்க் கட்டியில் அவர் கண்டெடுத்த மரபணு மந்தமாக வேலை செய்தால் நோயாளி நீலக் கோட்டில், நெடுநாள் இருப்பார். மும்முரமாக வேலை செய்தால் சிவப்பில். சீக்கிரம் போய்ச் சேருவார். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் தன் சிலைக்கு இடம் பார்த்து வைத்திருந்தார் டெஸ்.

அந்த இடைவெளியை உண்டாக்கிக் கொடுத்தவள் நான். பிரிஸ்பேனில் அவருடைய ஆய்வுக்கூடத்துப் புள்ளியியல்காரி, ஷெரில். மரபணுவின் மும்முரம் ஆளுக்கு ஓர் எண்ணாக வரும். எந்த எண்ணைத் தாண்டினால் மும்முரம் என்று யாரும் முன்கூட்டியே சொல்லி வைக்கவில்லை. முதலில் நோயாளிகளைச் சரிபாதியாகப் பிரித்தேன். இரண்டு கோடும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒட்டிக்கொண்டே நடந்தன.

"எல்லையைக் கொஞ்சம் கீழ இறக்கிப் பாரேன்" என்றார் டெஸ். இறக்கினேன். இன்னும் கொஞ்சம் என்றார். ஓரிடத்தில் கோடுகள் சண்டை போட்ட தம்பதி மாதிரி விலகின.

"அப்படியே வை! இயற்கை எல்லை போட்ட இடம் இதுதான்."

"இயற்கை போட்டதுன்னா நாம ஏன் இத்தனை தடவை நகர்த்தினோம்?"

"தேட வேணாமா?"

"எல்லையே வேணாம், டெஸ். எண் ஏற ஏற ஆபத்தும் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. அதை ஒரு சரிவாக் காட்டிட்டுப் போவோம்."

"சரிவுக்கு எவன் கை தட்டுவான்?"

ஊருக்கெல்லாம் வருஷா வருஷம் தோலைக் காட்டிப் பரிசோதிக்கச் சொன்ன டெஸ், தான் மட்டும் போனதில்லை. இளமையில் கொளுத்தும் வெயிலில் அலைச்சறுக்கு விளையாடிய கால். கெண்டைக்காலில் ஒரு கறுப்பு மச்சம். அவர் மனைவி மெரிலின்தான் இழுத்துக்கொண்டு போனாள். வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். அதே புற்றுநோய்தான். நிணநீர் முடிச்சு வரைக்கும் போயிருந்தது.

கட்டியின் ஒரு துண்டைத் தன் கூடத்திலேயே, தன் கருவியிலேயே போட்டுப் பார்த்திருக்கிறார் மனிதர். எல்லாரும் காலைத் தேநீருக்குப் போயிருந்த நேரம் என் மேசைக்கு வந்தார். அதுவரை ஆள் அனுப்பித்தான் கூப்பிடுவார்.

"நம்ம எல்லை இப்ப எங்க இருக்கு?"

"நீங்க வெச்ச இடத்துலதான்."

"நான் அதுக்கு மேல இருக்கேன், ஷெரில். ஒரு மயிரிழை."

என் வாயில் லாமிங்டன் கேக். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"பழையபடி சரிபாதியாப் பிரியேன். சும்மா பார்ப்போம்."

பிரித்தேன். டெஸ் நீலத்துக்கு வந்துவிட்டார். பெருமூச்சு விட்டவர், திரையை இன்னொரு முறை பார்த்தார்.

"ரெண்டு கோடும் ஒட்டிக்கிச்சே."

"ஆமா. நீங்க பொழைச்சுக்கிட்டீங்க. மரபணு செத்துப்போச்சு."

அவர் சிரிக்கவில்லை. கால் மட்டும் மேசைக்கடியில் தையல் மிஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

அப்புறம் தினமும் வந்தார். எல்லையை மேலே ஏற்று, இறக்கு, பெண்களை விட்டுவிட்டுப் பார், வயதானவர்களை விட்டுவிட்டுப் பார். அவருக்கு மருந்து ஏற்றத் தொடங்கிய மருத்துவர், நீலமா சிவப்பா என்று கேட்கவே இல்லையாம். அந்தக் குறை வேறு.

"சிவப்புல இருந்துக்கிட்டு ரொம்ப நாள் வாழ்ந்தவங்க உண்டா?"

"நிறையப் பேரு. நீலத்துல சீக்கிரம் போனவங்களும் உண்டு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க படத்துலயே இருக்கு, டெஸ். ஊர் ஊராக் காட்டினீங்களே."

மெல்போர்ன் மாநாட்டுக்கு விமானம் ஏறக் காத்திருந்தபோது என் பக்கம் குனிந்தார். "எல்லையே வேணாம்னியே, அந்தச் சரிவு. அதையே போட்டுடு."

அத்தனை வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தி நடக்காததை ஒரு கெண்டைக்கால் நடத்திவிட்டது.

"அதுல நான் எங்க இருக்கேன்?"

"மத்தவங்க மாதிரிதான். வழியில எங்கயோ."

"எங்கயோன்னா?"

விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் பையை எடுத்தேன்.

மாநாட்டில் விளக்குகளைக் குறைக்கச் சொல்ல மறந்தார். திரையில் நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரே சரிவு. கைதட்டல் தூறலோடு நின்றது. சிட்னியிலிருந்து வந்த மருத்துவர் ஒருத்தர் எழுந்தார்.

"எல்லாம் சரி, டெஸ். நாளைக்கு ஒருத்தர் என் முன்னால வந்து உக்காந்து, நான் எந்தப் பக்கம்னு கேப்பாரு. என்னன்னு சொல்லட்டும்?"

டெஸ் பேச்சு மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முன்வரிசையில் இருந்த எனக்கு மட்டும் அந்தக் கால் ஆடுவது தெரிந்தது.

"எனக்கும் அதான் தெரியணும்" என்றார்.

அரங்கமே சிரித்தது. டெஸ் வேடிக்கையாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள். அவர் அது அடங்கக் காத்திருந்தார். பிறகு வரிசை வரிசையாக ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார், யாராவது சொல்லிவிடுவார்கள் என்பது போல.