வாசு பார்க்காத பெண்

பயம் வந்தால் வாசுவுக்குக் கை நடுங்கும். காப்பாரிலிருந்து பெண் பார்க்கக் கிளம்பிய அந்த ஞாயிற்றுக்கிழமையும் நடுங்கியது. புகைப்படத்திலேயே சந்திரகலாவைப் பிடித்துப்போனதால் வந்த வினை.

"ரெண்டு போத்தல் பீர் போடுலா. சிங்கம் மாதிரி உக்காருவ" என்றான் நண்பன் ரமணி.

குடித்தே அறியாத வாசு அதை நம்பிக் குடித்தான். பிறகு வாடை தெரியாமலிருக்கக் கிராம்பை மென்றுகொண்டே, தாய் பவுனம்மாளோடு பிரிக்பீல்ட்ஸிலிருந்த பெண் வீட்டுக்குள் நுழைந்தான்.

கை நடுங்கவில்லை. தரைதான் லேசாக மிதந்தது. தடுமாறாமல் நாற்காலியில் உட்கார்ந்ததே பெரிய சாதனை. அதற்குள் கையில் ஒரு தேநீர்க் கோப்பை வந்து சேர்ந்தது. விளிம்பு வரை தேநீர். கீழே அம்மா தேய்த்துக் கொடுத்த வெள்ளைக் கால்சட்டை. ஒரு சொட்டு சிந்தினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். வாசு உலகத்தை மறந்தான்.

"சீனி போதுமா?" என்றது ஒரு குரல்.

"போதும்" என்றான், தேநீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைசி மிடறு இறங்கியதும் வெற்றி வீரனாக நிமிர்ந்தான். எதிரே பெண்ணின் அப்பா தம்புசாமி.

"என்ன தம்பி, பொண்ணப் புடிச்சிருக்கா?"

"பொண்ண எப்ப அங்கிள் கூட்டிட்டு வருவீங்க?"

"அடப்பாவி!" பவுனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "டீ கொடுத்தது யாரு? இவ்வளவு நேரம் உன் எதிர்ல உக்காந்துட்டு இப்பதானடா உள்ள போச்சு!"

தம்புசாமி குனிந்து மோந்து பார்த்தார். கிராம்பையும் மீறிப் பீர் வாடை வீசியது. "குடிச்சிட்டா வந்த? எழுந்திரு. இந்தச் சம்பந்தம் வேணாம்."

வாசு காலிக் கோப்பையோடு எழுந்து நின்றான். அப்போது உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு சந்திரகலா வந்தாள்.

"எத்தனை போத்தல்?"

"ரெண்டு. பயமா இருந்துச்சு."

"ரெண்டுக்கேவா?" அவள் குலுங்கிச் சிரித்தாள். "அப்பா, பழக்கப்பட்ட ஆளா இருந்தா டீயும் குடிச்சு, என்னையும் பாத்து, உங்களையும் ஏமாத்தியிருப்பாரு. இவரு ரெண்டு போத்தல்லயே கண்ணத் தொலைச்சிட்டு நிக்கிறாரு."

இப்போதுதான் வாசு பார்த்தான். சிரிக்கும்போது ஓரத்தில் ஒரு பல் லேசாகத் திரும்பியிருந்தது. புகைப்படத்தில் அது இல்லவே இல்லை.

"புடிச்சிருக்கு அங்கிள்!" என்று கத்திவிட்டான்.

"உங்கள யாரு கேட்டா?" என்றாள் அவள். "எனக்குப் புடிச்சிருக்கான்னு அடுத்த வாரம் சொல்றேன். காலையிலேயே வாங்க, பசியாற."

தம்புசாமி முறைத்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.