டிக் போட்ட செகண்ட் ஷிப்ட்

என்னைச் சந்தேகப் பிராணி என்பவர்கள் முதலில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த ஷிப்ட் சார்ட்டைப் பார்த்திருக்க வேண்டும். அந்த மாதம் என் மனைவி ஜெனிஷா அதில் ஆறு நாட்களுக்கு டிக் போட்டிருந்தாள். ஆறும் எனக்கு செகண்ட் ஷிப்ட். மதியம் மைன்ஸ் பஸ் ஏறினால் குவார்ட்டர்ஸ் திரும்ப ராத்திரி பத்தரை ஆகும்.

தபால் வழியில் எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிறேன் என்றாள். பெரிய மனசு பண்ணி, படி என்றேன். கூடவே வந்து சேர்ந்தான் கிளமென்ட். வடலூரில் வாத்தியார், அதே கோர்ஸ். போனில் மணிக்கணக்காகப் பேச்சு. ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது காதில் விழுந்தது.

"அவ மறைச்சது அவ புருஷனுக்கு மட்டும் தெரியாது கிளமென்ட். படிக்கிற நமக்கு மொதல்லயே தெரிஞ்சிடுது."

"யாரு புருஷன்?" என்றேன்.

"நாவல்ல வர்றவருங்க. விக்டோரியா ராணி காலத்துச் சோகக் கதை. அத எப்படிச் சொல்லியிருக்காங்கன்னுதான் என் ப்ராஜெக்ட்."

எப்போதோ செத்துப்போன வெள்ளைக்காரனைக் காட்டி என் காதில் பூச்சுற்றுகிறாள் என்று ஆத்திரம் வந்தது. உண்மையில் அது பயம். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது?

டிக் போட்ட கடைசி நாள் வியாழக்கிழமை. அதற்கு மட்டும் இரண்டு டிக். என்னோடு மைன்ஸில் வேலை பார்க்கும் சுபாஷுக்கு அன்று ஃபர்ஸ்ட் ஷிப்ட்; எனக்குப் பல்வலி, எனக்கும் சேர்த்து டபுள் ஷிப்ட் பாரு என்று அவனிடம் கெஞ்சினேன். வழக்கம்போல் டிபன் பாக்ஸோடு கிளம்பி, மூன்று மணிக்குத் திரும்பி வந்து சத்தமில்லாமல் கதவைத் திறந்தேன்.

உள்ளறையில் ஓர் ஆண்குரல். பாய்ந்து போய் அவள் முன்னால் இருந்த போனைப் பிடுங்கினேன்.

"யார்ரா நீ?"

திரையில் மூன்று முகங்கள். ஒரு வழுக்கைத்தலைப் பெரியவர், இரண்டு அம்மாக்கள்.

"வைவாங்க, வாய்மொழிப் பரீட்சை நடக்குது," என்றாள் ஜெனிஷா. போனை வாங்கி நிமிர்த்தி வைத்தாள். "சாரி மேடம். வூட்டுக்காரர்." இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்தாள். வார்த்தை வரவில்லை.

"பரவாயில்லம்மா, தமிழ்லயே சொல்லுங்க," என்றார் அம்மாக்களில் ஒருவர். "இந்தக் கதைய, எல்லாம் தெரிஞ்ச ஒருத்தர் சொல்றார். அந்தக் கணவனே சொல்லியிருந்தா எப்படி இருந்திருக்கும்?"

ஜெனிஷா என் பக்கம் திரும்பவேயில்லை.

"அவன் பாத்தத மட்டுந்தான் சொல்லுவான் மேடம். அவ செஞ்ச எல்லாமே தப்பாத்தான் தெரியும். அவன் இல்லாத நேரத்துல அவ எப்படி இருந்தாள்னு யாருக்குமே தெரியாமப் போயிடும்."

முடிந்ததும் போனை அணைத்தாள்.

"நைட் ஷிப்ட் முடிச்சு நீங்க பகல்ல தூங்கறப்ப வாய் தொறக்க முடியாது. அதான் நீங்க இல்லாத நாளாப் பாத்து டிக் போட்டு, வைவாவுக்கு கிளமென்ட்டோட பேசிப் பழகிக்கினு இருந்தேன். வைவா வியாழக்கிழமைன்னு சொன்னேன். தூக்கத்துல 'ம்'னீங்க." அப்போதுதான் என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "யாருன்னு நெனச்சீங்க?"

என் கண் ஃப்ரிட்ஜில் இருந்த டிக்குகளுக்குப் போனது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

பாஸாகிவிட்டாள். கிளமென்ட்டோடு பேசுவதை அன்றோடு நிறுத்திவிட்டாள். என்னோடும்தான்.