அண்ணி நகராத அறை

பக்கவாதத்தில் பேச்சு போய் அண்ணன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பெண்ணின் கையில் தீக்காயத்தை முதலில் பார்த்தது, வீடு தேடிப் போகும் நர்ஸ். மருத்துவமனையில் சொன்னாள். நோயாளி விவரம் வெளியே போகக் கூடாது என்று அங்கே அமுக்கிவிட்டார்கள். அவளே போலீசுக்குப் போனாள். போலீஸ்காரர் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு, குடும்ப விஷயம் என்று கையைக் கழுவிவிட்டார். கடைசியில் விஷயம் நலத்துறை அதிகாரியிடம் வந்தது.

அதிகாரி இருவருக்கும் போன் போட்டாள்.

"நீங்க கேட்டப்ப கூட யாரு இருந்தாங்க?"

"அண்ணிதான் மேடம். பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இருந்தாங்க," என்றாள் நர்ஸ்.

"வெந்நீர் கொட்டிருச்சுன்னு அந்தம்மாதான் சொன்னாங்க," என்றார் போலீஸ்காரர். "அண்ணன் தங்கமான மனுஷன். டீ எல்லாம் குடுத்தாரு."

அதிகாரிக்கு உறுத்தியது. கேட்டவர்கள் இரண்டு பேர். இருவருக்கும் பதில் சொன்னவள் அண்ணி.

"நாளைக்கு மூணு பேரும் சேர்ந்தே போவோம்."

"எங்க மேலதிகாரி எழுத்துல கேப்பாரு மேடம்," என்றார் போலீஸ்காரர்.

"இன்னைக்கே எழுதித் தரேன்."

மறுநாள் அண்ணன் சிரித்த முகமாக வரவேற்றான். அண்ணி நாத்தனாரின் கட்டிலை விட்டு அசையவில்லை. கண்கள் மட்டும் வாசலுக்கும் இவர்களுக்கும் அலைந்தன. கள்ளி இவள்தான் என்று அதிகாரி முடிவே கட்டிவிட்டாள். போலீஸ்காரர் புருஷன் பெண்டாட்டி இருவரையும் வலுக்கட்டாயமாக ஹாலுக்கு அழைத்துப் போனதும் கதவைச் சாத்தினாள்.

நர்ஸ் நோயாளியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமான்னா அழுத்துங்கம்மா. வெந்நீரா?"

கை அசையவில்லை.

"யாராவது சூடு வச்சாங்களா?"

அழுத்தினாள்.

"அண்ணியா?"

விரல்கள் துவண்டு கிடந்தன. திரும்பக் கேட்டும் அப்படியே.

"அண்ணனா?"

நர்ஸின் விரல்கள் வெளுக்கும்படி பிடி இறுகியது.

போலீஸ்காரர் அண்ணனை ஜீப்பில் ஏற்றினார். அவன் அப்போதும் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டு போனான்.

"ஏம்மா அன்னைக்கே சொல்லல?" அதிகாரி கேட்டாள்.

"அவரு டீயை வச்சுக்கிட்டு கதவுகிட்டயே நின்னாரே," என்றாள் அண்ணி. "நான் எந்திரிச்சா அவரு உள்ள வந்துருவாரு. அதான் நகரல." பிறகு மெல்லக் கேட்டாள்: "இவளை மட்டும் கூட்டிட்டுப் போயிருவீங்களா? அவரு திரும்பி வந்தா நான் என்ன பண்ணுவேன்?"

அதிகாரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. போனை எடுத்தாள். பெண்கள் காப்பகம், படுக்கையில் கிடப்பவரைச் சேர்க்காதாம். நோயாளிகள் இல்லம், நல்லபடி நடமாடுகிறவரைச் சேர்க்காதாம்.

"அப்ப ரெண்டு பேரையும் உங்க வாசல்லயே கொண்டாந்து உட்கார வைக்கிறேன்," என்றாள் காப்பகத்துக்காரியிடம். "நர்ஸ் தினம் வந்து பார்த்துப்பாங்க."

மறுமுனையில் அவள் யாரிடமோ கட்டில் காலி இருக்கிறதா என்று கேட்டாள். பிறகு, "சரி, கூட்டிட்டு வாங்க."