ஒன்பதாம் மேடைக்காரர்கள்

கிழக்கு வெளுக்க இன்னும் நேரம் இருந்தது. பேருந்து நிலையத்தின் தண்ணீர்த் தொட்டியடியில் நின்று குழாய்க்காரி அந்தத் தடித்த ரப்பர் குழாயைத் தோளில் ஏற்றினாள். அறுபது அடி நீளம். உள்ளே தண்ணீர் ஏறிவிட்டால் அது குழாய் இல்லை, மலைப்பாம்பு. காலை அகட்டி, இடுப்போடு அணைத்து, முழங்கையால் அமுக்கிப் பிடித்தால்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். பதினோரு வருஷமாக அமுக்கி அமுக்கி அவளுடைய வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கிப்போயிருந்தது. ப்ளீச்சிங் பவுடர் தின்ற விரல்நுனிகளில் ரேகை இல்லை. துப்புரவுக் கம்பெனி புதிதாக மாட்டியிருந்த வருகைப் பதிவு மெஷின் அவள் விரலை மூன்று தடவை துப்பிவிட்டு நாலாவது தடவைதான் ஏற்றுக்கொள்ளும். "ஆளு முன்னாடி நிக்கிறேன், கண்ணு தெரியலையா உனக்கு?" என்று அதைத் திட்டிவிட்டுத்தான் தினமும் வேலையில் இறங்குவாள்.

விடியற்காலைக் கோஷ்டியில் ஒன்பது பேர். எட்டுப் பெண்கள், கழிவறை அடைப்பெடுக்கும் பெரியவர் ஒருவர். குழாய்க்காரி மேடை கழுவ ஆரம்பித்ததும், மற்றவர்களுக்கு முன்னால் வந்து துடைப்பத்தோடு நிற்கிறவள் ஒருத்தி உண்டு. அதனாலேயே அவளுக்கு முந்திரி என்று பேர் விழுந்துவிட்டது.

"என்னடி, முந்திரிக்கொட்டை மாதிரி எப்பவும் முன்னாடியே நீட்டிக்கிட்டு நிக்கிறே? நீ வீட்டுக்கே போறதில்லையா?" என்று குழாய்க்காரி கேலி செய்வாள். முந்திரி சிரித்துக்கொண்டே குனிந்து பெருக்க ஆரம்பிப்பாள்.

ஒன்பதாம் மேடைக்குப் பேருந்து வருவதில்லை. அந்தத் தடத்தை நிறுத்தி நாலு வருஷம் ஆயிற்று. போக இடமில்லாதவர்கள் முப்பது நாற்பது பேர் அங்கே படுப்பார்கள். கழுவுவதற்கு முன்னால் குழாய்க்காரி ஒரு குரல் கொடுப்பாள்: "எந்திரிங்கப்பா, தண்ணி வருது! மூட்டையைத் தூக்குங்க!" மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் குழாய்த் திருகைத் திறப்பாள். அதற்குள் அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பாய் பழந்துணிகளைச் சுருட்டிவிடுவார்கள். அவர்கள் முகத்தை அவள் பார்த்ததில்லை. பார்த்தால் கை வராது.

போன மாதம் காண்டிராக்ட் கைமாறியது. புது சூப்பர்வைசர் வந்தான். வந்த வாரமே அவளைக் கூப்பிட்டான்.

"நீ குரல் குடுத்து எழுப்புறதாலதான் மறுபடி வந்து படுக்கிறாங்க. இனிமே சொல்லாம அடி. ரெண்டு நாள் நனைஞ்சா மூணாம் நாள் எவனும் வரமாட்டான்."

"மனுஷங்க சார்."

"மனுஷங்க இல்லைன்னு நான் சொன்னேனா? இடம் காலியா இருக்கணும். உன்னால முடியலைன்னா சொல்லு. குழாய் பிடிக்கவா ஆள் கிடைக்காது?"

அவளும் மகளும் மருமகனும் பேத்தியும் ஒரே அறையில் ஒருக்களித்துப் படுக்கிறவர்கள். இந்த வேலை போனால் அந்த அறையும் போகும். வயிறு வாயை அடைத்துவிட்டது.

மறுநாள் விடியலில் குழாய்க்காரி குரல் கொடுக்கவில்லை. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு திருகைத் திறந்தாள். குளிர்காலத் தண்ணீர், இரும்புத்தொட்டியில் இரவெல்லாம் கிடந்து ஊசியாகக் கூர்ந்த தண்ணீர். மேடை முழுக்க அலறல். பாய்கள் மிதந்தன. ஒரு குழந்தை வீறிட்டது. எல்லாரும் எழுந்து ஓடினார்கள். கடைசித் தூணோரம் மட்டும் ஒரு உருவம் எழவில்லை. எழ முடியாமல் அது கையை ஊன்றி ஊன்றிச் சரிந்தது. அதன்மேல் கவிழ்ந்து, முதுகைக் கொடுத்துத் தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண். அவள் போட்டிருந்தது கம்பெனியின் நீலக் கோட்டு.

குழாய்க்காரி திருகை மூடினாள். அந்தப் பெண் திரும்பினாள்.

முந்திரி.

 முந்திரியின் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. கீழே கிடந்த அவள் புருஷன்தான் முதலில் வாய் திறந்தான். பல் கிடுகிடுத்தது அவனுக்கு.

"விடும்மா... அவங்க என்ன, தெரிஞ்சா செஞ்சாங்க?"

குழாய்க்காரிக்கு அந்த வார்த்தைதான் நெஞ்சில் இறங்கியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

முந்திரி பதறிப்போய்த் தலைமாட்டுப் பையைக் கவிழ்த்தாள். ஒரு காகிதம் கூழாகிக் கையோடு வந்தது. நீல மை வழிந்து வெறும் கறையாக இருந்தது. "போச்சுக்கா. சாரத்துலேருந்து விழுந்தாருன்னு டாக்டர் கைப்பட எழுதிக் குடுத்தது. இது ஒண்ணுதான் வச்சிருந்தேன்."

அப்புறம் எல்லாம் வந்தது, துண்டு துண்டாக. அவன் பெயிண்டர். ஏழாவது மாடிக்கு வெள்ளையடிக்கும்போது சாரக்கட்டை முறிந்தது. இடுப்பெலும்பு போயிற்று. கட்டடக்காரன், "இவன் என் ஆளே இல்லை, எவனோ கூட்டிட்டு வந்தவன்" என்றான். அதே மாதம் வீட்டுக்காரன் வாடகையை ஏற்றினான். கொடுக்க முடியாதபோது கட்டிலோடு வெளியே வைத்தான். வேறு வீடு கேட்டு முந்திரி ஏறாத படியில்லை. படுத்த படுக்கையான ஆளைக் கண்டதும், "காலியில்லையேம்மா" என்றுவிடுகிறார்கள். மகளைத் தமக்கை வீட்டில் விட்டிருக்கிறாள். அங்கே ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது.

"எத்தனை நாளாடி?"

"நாப்பது நாளுக்கா."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா? உங்க ரூம்ல கால் நீட்டவே இடமில்லை. அட்ரஸ் இல்லாதவளை கம்பெனி வச்சுக்காதுன்னு வேற பயம்." முந்திரி முகத்தைத் துடைத்தாள். "நீங்க 'தண்ணி வருது'ன்னு சத்தம் போட்டதும் இவரை இழுத்து அந்தச் சுவரோரம் சாய்ச்சுடுவேன். சாய்ச்சுட்டு ஓடிவந்து துடைப்பத்தை எடுத்துக்குவேன். இன்னைக்கு சத்தம் வரலை."

சூப்பர்வைசர் வந்து நின்றான். பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது அவனுக்கு.

"கம்பெனிக் கோட்டோட பிளாட்பாரத்துல படுத்திருக்கியா? நாளைக்கு எவனாவது போட்டோ எடுத்தா கம்பெனி மானம் என்ன ஆகும்? கழட்டிக் குடு. இனிமே நீ வரவேண்டாம்."

 முந்திரி முதல் பொத்தானைக் கழற்றினாள். உள்ளே நனைந்து உடம்போடு ஒட்டிய பழைய ரவிக்கை.

"கழட்டாதே," என்றாள் குழாய்க்காரி. தோளிலிருந்து குழாயை இறக்கித் தரையில் போட்டாள். "போடுடி பொத்தானை."

"ஏய், குழாயை எடு."

"எடுக்க மாட்டேன் சார்."

"என்ன சொன்னே?"

"காதுல விழுந்ததுதான். நேத்து வாய மூடிக்கிட்டு உங்க பேச்சைக் கேட்டேன். அந்தப் பாவம் என் தலையோட போகட்டும். இனிமே இந்தக் கையால ஒரு ஆள் மேலயும் தண்ணி அடிக்கமாட்டேன். இவ வேலைக்கு வரலைன்னா நானும் வரலை."

பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். யாரும் முழக்கம் போடவில்லை. ஒருத்தி தன் முந்தானையால் பெயிண்டரின் தலையைத் துவட்டினாள். இன்னொருத்தி சுமைவண்டிக்காரனைக் கூட்டிவந்து பெயிண்டரை ஏற்றி, "அட்ரஸ் கேட்டா என் வீட்டு அட்ரஸைச் சொல்லுங்க" என்று ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கிளப்பினாள். முந்திரி கூடவே போகத் துடித்தாள். "நான் இருக்கேன் அவர்கூட. நீ இங்க இரு, இல்லைன்னா இவன் உன்னை ஓடிப்போனவள்னு எழுதிடுவான்" என்று வண்டி கூட்டிவந்தவளே அதோடு நடந்தாள். அடைப்பெடுக்கும் பெரியவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு மேடையில் உட்கார்ந்தார். "முட்டி வலி சார். உக்கார ஒரு காரணம் கிடைக்காதான்னு ரொம்ப நாளா பாத்துக்கிட்டிருந்தேன்."

விடிந்தது. காண்டிராக்டர் காரில் வந்து இறங்கினார். மேடையில் ஈரத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

"என்னம்மா, உங்களுக்கு என்ன குறை வச்சேன்?"

"இவளுக்கு வேலை வேணும்," என்றாள் குழாய்க்காரி. "படுத்திருக்கிறவங்க மேல தண்ணி அடிக்கச் சொல்லக் கூடாது. அப்புறம், மாடியில பயணிகள் ஓய்வுக்கூடம் பூட்டிக் கிடக்குது. வாராவாரம் நாங்கதான் பெருக்குறோம். ஃபேன் இருக்கு, கக்கூஸ் இருக்கு, மனுஷன்தான் இல்லை. ராத்திரியில அதைத் திறந்துவிடச் சொல்லி நிலையத்து ஆபீஸ்ல நீங்களும் எங்களோட வந்து கேக்கணும்."

"நான் சுத்தம் பண்றதுக்குக் காண்டிராக்ட் எடுத்தவன்மா. சத்திரம் நடத்துறவன் இல்லை."

"ஆளு மேல தண்ணி அடிக்கணும்னு மட்டும் உங்க காண்டிராக்ட்ல எழுதியிருக்குதா?"

அவர் முகம் கறுத்தது. "இன்னைக்கு இவளுக்குக் கேப்பீங்க. நாளைக்கு ரோட்டுல கிடக்கிற அத்தனை பேருக்கும் கேப்பீங்க."

"ஆமா சார். அத்தனை பேருக்கும்தான்."

"பத்து மணிக்கு வேற ஆளுங்க வருவாங்க. அதுவரைக்கும் யோசிங்க." கார்க் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

வெயில் ஏற ஏற, ஒன்பதாம் மேடையில் படுக்கிறவர்கள் தயங்கித் தயங்கித் திரும்பி வந்தார்கள். கைப்பிடிச் சுவரில் பாய்களை உலர்த்தினார்கள். குழாய்க்காரி முதல் தடவையாக அவர்கள் முகங்களைப் பார்த்தாள். நரைத்த தாடிக்காரர் ஒருவர் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஓட்டல்ல பாத்திரம் கழுவுறேன்மா. நாலு வருஷமா உன் சத்தத்துலதான் கண்ணு முழிக்கிறேன். இன்னைக்குச் சத்தம் வராம தண்ணி வந்துச்சு. அய்யோ, அந்தப் பொம்பளைக்கு என்னமோ ஆயிடுச்சு, வேற யாரோ குழாயைப் பிடிச்சிருக்காங்கன்னுதான் நெனச்சேன்."

 "நான்தாங்க பிடிச்சேன்," என்றாள் குழாய்க்காரி.  அவளுடைய ரேகை தேய்ந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே அவர் அங்கேயே இருந்துவிட்டார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னபோதும் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. முந்திரி அந்தக் காகிதக் கூழைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு சீட்டு எழுதி வாங்குவோம். விழுந்ததைப் பார்த்த கூட்டாளிங்க இருப்பாங்கல்ல, அவங்களைத் தேடுவோம். ராத்திரி நீயும் அவரும் என் ரூமுக்கு வரணும். மருமகன் வாசல்ல படுத்துக்குவான்," என்று குழாய்க்காரி சொல்லிக்கொண்டே இருந்தாள். முந்திரி தலையாட்டினாள். கேட்டாளோ என்னவோ.

பத்து மணிக்கு லாரி வந்தது. வேறு ஊர்க் கோஷ்டி. புதுத் துடைப்பங்களோடு பன்னிரண்டு பேர் குதித்து இறங்கினார்கள். சூப்பர்வைசர் தரையில் கிடந்த குழாயைக் காட்டினான். முன்னால் வந்த மெலிந்த பெண் குழாயையும் பார்த்தாள், உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தாள்.

"என்னக்கா விஷயம்?"

குழாய்க்காரி எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தான் குழாய் பிடித்ததையும் மறைக்கவில்லை. அந்தப் பெண் முழுக்கக் கேட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற பதினோரு பேரில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"எங்க கூட்டத்துலயும் இருக்காங்கக்கா," என்றாள் அவள் மெல்ல. "ஒருத்தி கடை வாசல்ல, ஒருத்தி பாலத்தடியில. நாங்களும் தெரியாத மாதிரியே இருந்துக்கிட்டோம்."

"வேலையைப் பாருங்க, மணி ஆகுது!" சூப்பர்வைசர் கத்தினான்.

அந்தப் பெண் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "கொஞ்சம் நகருங்கக்கா."

குழாய்க்காரி நகர்ந்தாள். முந்திரி நகர்ந்தாள். தாடிக்காரர் தன் ஈரப்பாயை விரித்துப் போட்டார். மேடையில் பன்னிரண்டு பேருக்கு இடம் உண்டாயிற்று.